மொழிகள் பல அறிந்த மௌனம்: பி. வி. நரசிம்ம ராவ்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் அரசியல்வாதி ஒருவரைப் பற்றி உரை நிகழ்த்துவது பொருந்துமா என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். ஐயம் நியாயமானதே. கவிதை எழுதிய அரசியல்வாதிகளை இந்நாடு கண்டிருக்கிறது. மேடைச் சொல்லாலேயே ஆட்சியைப் பிடித்தவர்களைத் தமிழர் நன்கு அறிவர். ஆனால் பிறர் எழுதிய ஆயிரம் பக்க நாவல் ஒன்றை மற்றொரு மொழிக்குக் கொண்டுசேர்க்க வரி வரியாக உழைத்தவர் ஒருவர் பின்னாளில் இந்தியாவின் பிரதமரானார் என்பதை இலக்கிய அன்பர்களே பெரும்பாலும் மறந்துவிட்டனர். பி. வி. நரசிம்ம ராவ் என்றவுடன் நினைவுக்கு வருவன பொருளாதாரச் சீர்திருத்தமும், அயோத்தியும், இறுக மூடிய அந்த உதடுகளும்தாம். அந்த உதடுகள் மூடியிருந்ததற்கும் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்ததற்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு பெருமைக்குரியதாகவும் குற்றத்திற்குரியதாகவும் ஒருங்கே அமைந்தது.

நரசிம்ம ராவ் பிறந்தது 1921ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், வாரங்கல் மாவட்டத்து நர்சம்பேட்டையை அடுத்த லக்னேபல்லி என்னும் சிற்றூரில். இளமையிலேயே கரீம்நகர்ப் பக்கத்து வங்கரா கிராமத்து நிலக்கிழார் குடும்பத்திற்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். அந்நாளில் அப்பகுதி நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம். வீட்டில் தெலுங்கு, அரசு அலுவலகத்திலும் கல்விக்கூடத்திலும் உருது, சமஸ்தானத்தின் மேற்கு மாவட்டங்களில் மராத்தி, தெற்கே கன்னடம். 1918இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உயர்கல்வி முழுவதையும் உருதுவில் கற்பித்தது. இந்திய மொழியில் மருத்துவமும் பொறியியலும் கற்பிக்க முடியும் என்று காட்டிய பெருமை அதற்கு உண்டு; அந்த இந்திய மொழி பெரும்பான்மைக் குடிகளின் தாய்மொழியாக இல்லை என்பதே அதிலிருந்த முரண். அங்கே படிப்பு என்பதே நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குள் தாண்டும் பயிற்சிதான்.

1938இல் வந்தே மாதரம் பாடியதற்காக நிஜாம் ஆட்சியின் கல்லூரிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவருள் அவரும் ஒருவர். கதவடைத்த சமஸ்தானத்தை விட்டுப் பூனாவின் பெர்குசன் கல்லூரிக்குச் சென்றார். பிறகு நாகபுரியில் சட்டம் பயின்றார். தண்டனையாக வந்த இந்த இடப்பெயர்ச்சி அவருக்கு மராத்தியை வளமாகத் தந்தது. சமஸ்கிருதம், இந்தி, ஆங்கிலம், பாரசீகம் என்று தொடங்கிய பட்டியல் பின்னாளில் ஸ்பானிய மொழி வரை நீண்டது. அவர் அறிந்த மொழிகளின் எண்ணிக்கையை அடியார்கள் கூட்டிக்கொண்டே போனதுண்டு. அதனை விட்டுவிடலாம். எத்தனை மொழிகள் என்பதைவிட, அவற்றை வைத்து அவர் செய்தது என்ன என்பதே இவ்வவைக்கு உரிய வினா.

சுவாமி ராமானந்த தீர்த்தரின் வழிகாட்டுதலில் ஹைதராபாத் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட அவர், 1948க்குப் பின் வாரங்கலில் 'காகதீய பத்திரிகா' என்னும் தெலுங்கு வார இதழை உறவினரான பாமுலபர்த்தி சதாசிவ ராவுடன் சேர்ந்து நடத்தினார். 'ஜய - விஜய' என்பது அவ்விருவரின் புனைபெயர். 'விஜய' என்னும் பெயரில் நரசிம்ம ராவ் எழுதிய 'கொல்ல ராமவ்வ' சிறுகதை 1949இல் அவ்விதழில் வந்தது. நிஜாமின் காவலரைச் சுட்டுவிட்டு ஓடிவந்த இளைஞன் ஒருவனை, இடையர் குலத்து ஏழை மூதாட்டி தன் குடிசையில் மறைத்துத் தன் சாமர்த்தியத்தால் காப்பாற்றுகிறாள். கதை இவ்வளவுதான். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை தன் முதல் கதைகளில் ஒன்றின் நாயகியாகத் தேர்ந்தெடுத்தது ஆடு மேய்ப்பவளை என்பதையும், அவள் உயிர் காக்கும் வழி மறைப்பது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1957இல் மந்தனித் தொகுதியிலிருந்து ஆந்திர சட்டமன்றத்திற்குச் சென்ற அவர், இருபது ஆண்டுகள் அத்தொகுதியை விடவில்லை. சட்டம், செய்தி, அறநிலையம், நலவாழ்வு, கல்வி என்று துறைகள் பல கைமாறின. 1968 முதல் 1974 வரை தெலுங்கு அகாதமியின் தலைவர். 1972 முதல் சென்னையில் உள்ள தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் துணைத் தலைவர். இந்தி எதிர்ப்புத் தீ தணியாதிருந்த சென்னையில் அப்பொறுப்பு எத்தகையது என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை.

அரசியல் அலுவல்களுக்கிடையே அவர் செய்த இரு மொழிபெயர்ப்புகள் இவ்வவையினர் நின்று நோக்கத்தக்கவை.

முதலாவது, ஹரி நாராயண் ஆப்டேயின் மராத்தி நாவல். 1890களில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'பண் லக்ஷாத் கோண் கேதோ' - 'ஆனால் யார் கவனிக்கிறார்கள்?' என்று பொருள். யமுனா என்னும் இளம் விதவை தன் வாழ்வைத் தானே சொல்வதாக அமைந்தது. நரசிம்ம ராவ் அதனைத் தெலுங்கில் 'அபலா ஜீவிதம்' ஆக்கினார். சாகித்திய அகாதமி வெளியிட்டது. மூலத் தலைப்பிலிருந்த கேள்வி தெலுங்குத் தலைப்பில் இல்லாமற் போயிற்று என்று குறை கூறலாம். கேட்கும் குரலை விலக்கிவிட்டு நிலையை மட்டும் சொல்லும் தலைப்பு அது.

இரண்டாவது, விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயிபடகலு'. படம் என்றால் பாம்பின் படம். தெலுங்கின் 'படக'வும் தமிழின் 'படமெடுத்தலும்' ஒரே கொடியில் பூத்தவை. சுப்பண்ணபேட்டை என்னும் ஊரைக் காக்கும் ஆயிரம் படம் கொண்ட நாகம்; கோயில், ஜமீன், குலத்தொழில், குடும்பம் என்னும் பழைய ஒழுங்கின் ஒவ்வொரு கட்டும் தளரத் தளர அப்படங்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. தெலுங்கில் முதன்முதல் ஞானபீட விருது பெற்ற அப்பெருங்கவிஞர் பழைமையின் பக்கம் நின்றவர். வருணாசிரம ஒழுங்கின் அழிவுக்காக வெளிப்படையாகத் துயருற்றவர். இப்புலம்பலை, ஆயிரம் பக்கத்திற்குக் குறையாமல், 'சஹஸ்ரபண்' என்று இந்தியாக்கித் தந்தவர் நரசிம்ம ராவ். பாரதீய ஞானபீடம் அதனை வெளியிட்டது.

இங்கேதான் வியப்பு. அதே நரசிம்ம ராவ் 1971 செப்டம்பரில் ஆந்திரத்தின் முதலமைச்சரானதும் கையிலெடுத்தது நில உச்சவரம்பு. நூற்றுக்கணக்கான ஏக்கர் கொண்ட தம் குடும்பத்தின் நிலமே அதில் குறையும் என்று அறிந்தே அவர் இறங்கினார். ஜமீனுக்காக அழும் நூலை மொழிபெயர்த்த கையே ஜமீன் எச்சங்களை வெட்டும் ஆணையிலும் ஒப்பமிட்டது. நூலின் கருத்து தம் கருத்தன்று என்று முன்னுரைக்குள் சண்டையிடாமல், ஆசிரியரின் துயரத்தை ஆசிரியரின் துயரமாகவே மறுகரை சேர்ப்பது எளிய காரியமன்று. மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் இதனை அறிவர். தன்னை மறைத்துக்கொள்ளும் அத்துறவு மொழிபெயர்ப்பாளனுக்கு அறம்.

முதலமைச்சர் பதவி பதினாறு மாதமும் நிறையவில்லை. 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முல்கி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தெலுங்கானாவினருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் விதிகள் அவை. தீர்ப்பே முடிவானது என்னும் பொருளில் அவர் வெளிப்படையாகப் பேசினார். கடலோர ஆந்திரம் கொதித்தெழுந்தது. ஜெய் ஆந்திரா கிளர்ச்சி மூண்டது. நில உச்சவரம்பினால் சினமுற்றிருந்த பெருநிலக்காரர்களின் ஆதரவும் அக்கிளர்ச்சிக்கு இருந்தது. 1973 ஜனவரியில் அவர் பதவி விலக, மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் சென்றது. மனத்தில் பட்டதை உடனே சொன்னதற்கு அவர் கொடுத்த விலை அது. அதன்பின் முப்பதாண்டுகள் அவர் அத்தவற்றைச் செய்யவில்லை; செய்யாமலிருந்ததே தவறாகிய நாட்களும் வந்தன.

டில்லி வாழ்க்கையின் படிகளை விரைந்து கடந்துவிடலாம். 1977இலும் 1980இலும் ஹனம்கொண்டா. 1984இல் அங்கே பாரதிய ஜனதா வேட்பாளரிடம் தோல்வி, மகாராட்டிரத்து ராம்டெக்கில் வெற்றி. தெலுங்கர் ஒருவர் மராத்தியில் வாக்குக் கேட்டு வென்றார். வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு, மனிதவளம் என்று இந்திரா காந்திக்கும் ராஜீவ் காந்திக்கும் கீழே எல்லாத் துறையும் பார்த்தார். 1971இல் ஆந்திரத்துச் சர்வேலில் தொடங்கப்பட்ட உறைவிடப் பள்ளியின் அனுபவம், 1986 கல்விக் கொள்கையின்போது நாடெங்கும் நவோதயா பள்ளிகளாகப் பெருகியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் செய்த நன்மைகளுள் இதுவே பெரிது. இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அறுபது வயதைக் கடந்தபின் கணிப்பொறியில் அமர்ந்து அதன் நிரல் மொழிகளையும் கற்றார். மொழி என்று பெயர் இருந்தால் போதும், அவருக்கு விட மனம் வராது.

இப்படிகளுக்கு நடுவே ஒரு படியில் இரத்தம் படிந்திருக்கிறது. 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டில்லியில் மட்டும் சீக்கியர் 2,733 பேர் கொல்லப்பட்டனர் என்பது அரசே பின்னர் ஏற்ற கணக்கு. தலைநகரின் காவல்துறை நேராக உள்துறை அமைச்சகத்தின் கீழ். அமைச்சர் நரசிம்ம ராவ். பிரதமர் அலுவலகமே எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டது என்பார்கள். அப்படியாயின் அவர் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும், அன்றேல் விலகியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

1991 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. டில்லி வீட்டில் புத்தகங்கள் மூட்டையாயின. அந்நாட்களில் குற்றாலத்துச் சித்தேஸ்வரி பீடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு அவருக்கு அழைப்பு வந்ததாக, அவரது வாழ்க்கையை 2016இல் எழுதிய வினய் சீதாபதி குறிப்பிடுகிறார். குற்றால அருவியருகே காவி உடுத்தியிருக்க வேண்டியவரை டில்லியிலேயே நிறுத்தியது அதே தமிழ்மண்ணில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி. மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21ஆம் நாள் நரசிம்ம ராவ் பிரதமராகப் பதவியேற்றார். தென்னாட்டிலிருந்து சென்ற முதல் பிரதமர். நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் அன்று அவர் உறுப்பினரல்லர். நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். தெலுங்கர் ஒருவர் பிரதமராகிறார் என்று எதிர்க்கட்சியான தெலுங்கு தேசமே வேட்பாளரை நிறுத்தவில்லை.

அன்று அரசிடமிருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும். ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் அயல்நாட்டில் அடகாயிற்று. ஜூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ஜூலை 24ஆம் நாள் மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தார். நாடு அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதே நாளில், அதற்குச் சில மணி நேரம் முன்பு, புதிய தொழிற்கொள்கை மக்களவையில் வைக்கப்பட்டது. 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றிற்கு உரிமம் வேண்டா என்னும் அவ்வறிக்கை நாற்பதாண்டு நடைமுறையைத் தலைகீழாக்கியது. தொழில்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் பிரதமர். அவையில் அறிக்கையை வைத்தவரோ இணை அமைச்சர் பி. ஜே. குரியன். பிரதமர் பேசவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் திருப்பதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், இவையெல்லாம் நேருவின் பாதையே என்னும் விளக்கம் தரப்பட்டது. புதிய பொருளைப் பழைய சொல்லில் கொண்டுசெல்லும் அவ்வித்தை மொழிபெயர்ப்பாளனுக்குக் கைவந்தது. கேட்பவர் அந்நியம் என்று திடுக்கிடாதபடி, தமக்கு முன்பே பழக்கமான ஒன்று என்று ஏற்கும்படி சொல்வது அது. பெரும்பான்மையற்ற அரசு, உட்கட்சிப் பகை, காலியான கருவூலம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு முழங்கியிருந்தால் மூன்றே மாதத்தில் வீழ்ந்திருப்பார். அங்கே மௌனம் நாட்டைக் காத்தது. கொல்ல ராமவ்வ மறைத்துக் காத்ததைப் போல.

1992 டிசம்பர் 6ஆம் நாளில் அம்மௌனம் எதையும் காக்கவில்லை. முந்தைய ஆண்டுதான், வழிபாட்டு இடங்களின் தன்மை 1947 ஆகஸ்டு 15இல் இருந்தபடியே தொடரவேண்டும் என்னும் சட்டத்தை அவருடைய அரசு இயற்றியிருந்தது. அயோத்திக்கு மட்டும் அதில் விலக்கு. மசூதிக்குத் தீங்கு வராது என்று உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கூறியிருந்தது. நீதிமன்றம் பார்வையாளரை அனுப்பியிருந்தது. மத்தியப் படைகள் அருகிலேயே காத்திருந்தன. மாநில அரசு அழைக்கவில்லை. பகல்பொழுதில் பாபர் மசூதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அடுத்து எழுந்த கலவரங்களில் நாடெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவர் தரப்பு வாதம் அவர் மறைந்தபின் 2006இல் 'அயோத்தி: 1992 டிசம்பர் 6' என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதன் சாரம் இது: அரசமைப்புச் சட்டத்தின் 356ஆம் பிரிவு, மாநிலத்தில் ஆட்சி நிலைகுலைந்தபின் பயன்படுத்துவதற்கு உரியது, நிலைகுலையும் என்னும் ஐயத்தின் பேரில் முன்கூட்டியே மாநில அரசைக் கலைக்க அதில் இடமில்லை. வழக்கறிஞர் கண்ணுக்கு இவ்வாதம் வலிமையற்றதன்று. காலமெல்லாம் அப்பிரிவைத் தவறாகப் பயன்படுத்திய கட்சியின் தலைவர், முதன்முறையாக அதை எழுத்துப்படி மதித்ததற்காகப் பழி ஏற்றார் என்றும் கூறலாம். ஆயினும் கவிஞர்கள் அமர்ந்திருக்கும் இவ்வவையில் வேறொன்றையும் கூறவேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மூலத்துக்கு நேர்மை ஆகாது என்பதை இந்நாட்டு அரசியல்வாதிகளில் எவரினும் நன்கு அறிந்திருந்தவர் அவர். விசுவநாதரின் ஆயிரம் பக்கத்தில் அவர் சொல்லை விட்டுப் பொருளைப் பற்றியிருக்காவிட்டால் 'சஹஸ்ரபண்' படிக்கத்தக்க இந்தி நூலாகியிருக்காது. அரசமைப்பு என்னும் மூலத்தை மட்டும் அவர் எழுத்தெண்ணிப் படித்தார். அதன் பொருள் அன்று அயோத்தியில் இடிபட்டுக்கொண்டிருந்தது.

மௌனத்தின் இவ்விரு பயன்களையும் ஒன்றால் ஒன்றைக் கழித்து மிச்சம் சொல்ல இயலாது. 1991க்காக 1992ஐ மன்னிப்போரும், 1992க்காக 1991ஐ மறுப்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

ஐந்தாண்டு ஆட்சி முழுதாக முடிந்தது. பெரும்பான்மையற்றுத் தொடங்கிய அரசு அவ்வாறு முடிந்தது அதுவே முதல்முறை. 1993 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து அது தப்பிய விதம் பின்னர் வழக்காயிற்று. உறுப்பினர்களுக்குக் கையூட்டு அளித்ததாக 2000இல் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2002இல் டில்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1996 தேர்தலில் காங்கிரஸ் 140 இடங்களுக்குச் சுருங்கியது. கட்சித் தலைமை போயிற்று. 1998இல் தேர்தலில் நிற்க இடமும் தரவில்லை.

அவ்வாண்டில்தான் 'தி இன்சைடர்' என்னும் அவருடைய ஆங்கில நாவல் வந்தது. தெலுங்கில் 'லோபலி மனிஷி', உள்ளே இருக்கும் மனிதன். அஃப்ரோசாபாத் என்னும் கற்பனை மாநிலம். ஆனந்த் என்னும் கதைத்தலைவன். பதவிக்காக ஒருவரையொருவர் விழுங்கத் துடிக்கும் தலைவர்கள். எழுநூறு பக்கங்களைத் தாண்டிய அந்நூலில் கலை குறைவு, செய்தி மிகுதி என்னும் திறனாய்வு தவறன்று. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பைப் போல் செல்லும் பகுதிகள் உண்டு. ஆனால் தம் பெயரில் சொல்ல முடியாத உண்மைக்கு எழுபத்தேழாம் வயதில் அவர் தேடியது அறிக்கையையோ பேட்டியையோ அன்று, புனைகதையை. 'விஜய' என்று புனைபெயர் பூண்ட இளைஞன் ஐம்பதாண்டு கழித்து 'ஆனந்த்' ஆகிறான். கதை முதலமைச்சர் பதவிக் காலத்தோடு நின்றுவிடுகிறது. டில்லி அதில் வரவில்லை. படிப்பவர் எதிர்பார்த்த நூல் எழுதப்படாமலே போயிற்று.

2004 டிசம்பர் 23ஆம் நாள் டில்லியில் அவர் காலமானார். மறுநாள் உடல் தாங்கிய பீரங்கி வண்டி, அவர் ஐந்தாண்டு தலைமை வகித்த கட்சியின் அக்பர் சாலை அலுவலக வாயிலில் நின்றது. வாயில் திறக்கப்படவில்லை. சிறிது நேரம் காத்திருந்தபின் வண்டி விமான நிலையம் நோக்கி நகர்ந்தது. ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் எரியூட்டினர்.

2020, 2021 ஆண்டுகளில் தெலுங்கானா அரசு அவருடைய நூற்றாண்டைக் கொண்டாடியது. காகதீய பத்திரிகாவின் பழைய தாள்களில் கிடந்த 'கொல்ல ராமவ்வ' மீண்டும் வாசகர் கைக்கு வந்தது. 2024இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவரிடமிருந்து அதனைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய மகன் பிரபாகர ராவ்.